நம் வீட்டுச் சுவரில் உன் அத்தை காது வைத்த கதை

அன்பு மகன் யோகேஸ்வரனுக்கு, முதுகுளத்தூர்ப் பக்கத்துச் செம்புழுதியிலிருந்து உன் அம்மா நாகலெட்சுமி எழுதுவது. குலசாமி கண் திறந்து பார்த்ததில் நானும் உன் அய்யாவும் எழுந்து நடமாடி, வேளைக்கு உண்டு இருக்கிறோம். நீயும் மருமகள் கோகிலாவும் மஸ்கட் வெயிலில் தலைவலி காய்ச்சல் என்று ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்தில் கோகிலா இருக்கிறாள், நான் தும்மினால்கூட அது அன்று சாயங்காலமே ராமநாதபுரத்தில் உன் அத்தை வீட்டு அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. தெற்குத் தெரு பிரபாகரன் லீவு முடிந்து அங்கே கிளம்புகிறான், குண்டு மிளகாய் வற்றலும் கொஞ்சம் கருவாடும் கொடுத்துவிடுகிறேன், அதற்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். நீ தனியாக உட்கார்ந்து படி. கோகிலா நல்ல பிள்ளை, அவள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வயிற்றெரிச்சல் எல்லாம் அவளைப் பெற்றவள் மேல்தான், அதை மறைத்து எழுதப் போவதில்லை.

போன லீவுக்கு நீ வந்ததை நினைத்துப் பார். பெட்டியை இறக்கினாய், குழம்பு நன்றாக இருக்கிறது என்றாய், அய்யாவின் காலைத் தொட்டுப் பார்த்தாய், அப்புறம் அத்தை வீட்டில் குளியலறை பைப் எல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லி ராமநாதபுரம் போனவன் லீவு முடிகிற மட்டும் அங்கேயே கிடந்தாய். எனக்கு அந்த வேலையைக் கண்ணில் காட்டியது கோகிலாவின் ஸ்டேட்டஸ்தான். வெள்ளைச் சுவர், பளபளவென்று புதுக் குழாய், கீழே மாப்பிள்ளை கைவண்ணம் என்று எழுதி இதயப் படம் வேறு. ஊரே பார்த்துவிட்டு என்னிடம் வந்து உங்க மகன் அங்கன சூப்பரா வேலை செஞ்சிருக்கானாமே என்று சொன்னார்கள், நானும் ஆமா ஆமா என்று சிரித்துக்கொண்டே நின்றேன். பெற்று, வளர்த்து, ஐடிஐக்கு அனுப்பி, வீசா எடுக்க வயலை விற்றது நாங்கள், கைவண்ணம் மட்டும் அவர்களுக்கா என்று உள்ளே எரிந்தது. அதோடு விட்டதா, உன் அய்யா மிளகாய்க் கொல்லையில் விழுந்து இடுப்பு எலும்பு விலகிப் படுத்தாரே, அப்போது அவள் வந்ததும் உனக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வருகிறவளைப் பார்த்திருக்கிறேன், இவள் பளபளவென்று ஒரு எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியும் அதை மாட்ட ராமநாதபுரத்திலிருந்து ஒரு தச்சாசாரியும் கூட்டிக்கொண்டு வந்தாள். கக்கூஸ் பக்கத்துச் சுவரில் துளை போட்டு மாட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். உன் அய்யா அதைப் பிடித்து எழுந்து நின்ற அன்றைக்கு, என் தங்கச்சி ஈஸ்வரி மனசு யாருக்கு வரும் என்று சொன்னார். பக்கத்திலேயே அவருக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த என் மனசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி பிறந்த சமயம் அய்யா படுத்திருக்கிற உள் அறைச் சுவரில் கீழே ஒரு ஈரத் திட்டு தெரிந்தது. மழையே இல்லாத ஊரில் சுவர் எப்படி ஈரமாகும் என்று துணியால் துடைத்துவிட்டேன். அது தினமும் கொஞ்சம் ஏறியது. பெயிண்ட் கொப்பளித்தது, உரித்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சாயங்காலம் மோட்டார் போட்டு மாடித் தொட்டி வழிய வழிய நிரப்பினால் விடியும்போது பாதிகூட இருக்காது, நாங்கள் இருவரும் எத்தனை குடம் புழங்கிவிடப் போகிறோம். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நீ எடுத்ததும், அம்மா அத்தை வீட்டு மோட்டாரில் ஏர் பிடித்துவிட்டது, வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தாய். அப்புறம் கூப்பிடவும் செய்தாய், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குள் எனக்கு வாய் இறுகிவிட்டது. அவள் வீட்டு மோட்டாரில் காற்றுப் புகுந்தால் வீடியோவில் பார்க்கிறவனுக்கு என் வீட்டுச் சுவர் ஊறுவதைத் தானாகக் கேட்கத் தோன்றவில்லையே என்ற ஆத்திரத்தில், எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டேன். அய்யாவிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

அந்த வீம்புக்கு விலை உடனே வந்தது. ஈரம் ஏறி ஏறி சுவிட்ச் போர்டு வரைக்கும் போய்விட்டது. அய்யா பேனைப் போடக் கையை நீட்டியவர் அம்மா என்று அலறியபடி கட்டிலில் விழுந்தார். கை விறைத்து, உதடு வெளுத்து, எனக்கு உயிரே போய்விட்டது. மெயினை அணைத்து, கையைத் தேய்த்து, அவர் பேச ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எலக்ட்ரீசியன் வந்து போர்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முதல்ல தண்ணி எங்கன இருந்து வருதுன்னு கண்டுபிடிங்கம்மா, அது வரைக்கும் இந்த ரூமுக்குக் கரண்டு குடுக்க மாட்டேன் என்று கம்பியைப் பிரித்துவிட்டுப் போனார். அந்த வெக்கையில் அய்யாவைக் கூடத்துக்கு மாற்றினேன். மாடித் தொட்டியைக் காலி செய்துவிட்டு, தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடம் குடமாகப் பிடித்து வைத்துப் புழங்கினோம். அவரைக் குளிப்பாட்ட, கழுவ, எல்லாவற்றுக்கும் நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன், முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

முதுகுளத்தூரிலிருந்து பிளம்பர் வீரபத்திரனைக் கூப்பிட்டேன். அவர் வந்து சுவரைத் தட்டினார், குழாயைத் திறந்து மூடினார், கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு, சுவத்துக்குள்ள பொதச்ச கன்சீல்டு பைப்புதான், ஜாயிண்ட் எங்கனயோ விட்டிருக்கு, டைல்ஸ் மொத்தத்தையும் உடைச்சாத்தான் தெரியும், போட்டவென் சரியாப் போடல என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் எனக்கு வந்ததே கோபம். அந்த லைனைப் போட்டது என் மகன், மஸ்கட்டுல மாடி மாடியாப் போடுறவென், நீ ஒண்ணும் உடைக்க வேணாம், வந்த வழியப் பாரு என்று அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு உட்கார்ந்து அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒருவேளை நீ போட்டது சரியில்லையோ, அத்தை வீட்டுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்தவன் நம் வீட்டுக்கு அவசரத்தில் செய்துவிட்டானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் முழங்கால் வலியைவிட அதிகமாக வலித்தது.

சத்தியத்தை உன் அய்யா காப்பாற்றவில்லை. கோகிலா போன் பேசியபோது ஷாக் அடித்ததைச் சொல்லிவிட்டார், உன்னிடம் சொல்ல வேண்டாம் பயந்துவிடுவான் என்று அவளிடமும் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறார். அவள் உன்னிடம் சொல்லவில்லை, தன் அம்மாவிடம் சொன்னாள். மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள் உன் அத்தை. தோளில் ஒரு கட்டைப் பை, நான் பலகாரம் என்று நினைத்தேன். திறந்தால் உள்ளே ஸ்க்ரூ டிரைவர், டெஃப்ளான் டேப், வாஷர் பாக்கெட், குழாயைத் திருகுகிற ஒரு பைப் ரெஞ்ச். அந்த ரெஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியில் யோ என்று நீ ஆணியால் கீறிய எழுத்து. ஐடிஐயில் படிக்கும்போது நான் காது கம்மலை அடகு வைத்து வாங்கிக் கொடுத்தது, அதை நீ அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இது எப்படி உங்ககிட்ட என்று கேட்டேன். மாப்பிள்ளைதான் வச்சுக்கங்க அத்தைன்னு குடுத்தாக மதினி, எனக்கு வீடியோவுல எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காக, இப்ப நானே எல்லாம் பாத்துக்கிருவேன் என்று அவள் பெருமையாகச் சொன்னாள்.  காபி போட உள்ளே போய் பாலைப் பொங்கவிட்டேன்.

அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். தொட்டியை நிரப்பச் சொன்னாள். மாடிக்கு ஏறி, என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, தொட்டியின் உள்பக்கம் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் ஒரு கோடு போட்டாள். அங்கே இருக்கிற இரண்டு வால்வில் குளியலறை வால்வை மூடினாள். நாங்கள் கீழே வந்து குடத்துத் தண்ணீரில் அரிசி களைந்து, உலை வைத்து, திரும்பப் போய்ப் பார்த்தால் கோடு இருந்த இடத்திலேயே தண்ணீர். பிறகு அதைத் திறந்து அடுப்படி வால்வை மூடினாள். சோறு வெந்து இறக்குவதற்குள் கோட்டுக்குக் கீழே தண்ணீர் போய்விட்டது. அடுப்படி லைன் சுத்தம் மதினி, கோளாறு பாத்ரூம் லைன்லதான் என்றாள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது, முகத்தில் காட்டவில்லை. அப்புறம் கக்கூஸ் பிளஷ் டேங்கில் குங்குமத்தைக் கொட்டினாள் என்றால் நம்புவாயா, சாமி குங்குமத்தை அங்கேயா போடுவார்கள் என்று நான் கத்தினேன். மாப்பிள்ளை சாயப்பொடி போடச் சொன்னாக, கையில இது இருந்துச்சு, அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா என்றாள். டேங்கில் ஒழுகல் இருந்தால் கீழே பீங்கானில் சிவப்பு இறங்குமாம். இறங்கவில்லை, வெள்ளையாகவே இருந்தது. குழாய் ஒவ்வொன்றின் அடியிலும் பழைய தினத்தாள் துண்டைச் சுற்றி வைத்தாள், ஒன்றும் நனையவில்லை. அப்ப வெளிய எங்கனயும் இல்ல, சுவத்துக்குள்ளதான் என்றாள்.

அதன் பிறகுதான் அவள் எவர்சில்வர் டம்ளர் கேட்டாள். குளியலறைக்குள், அய்யா அறையை ஒட்டிய சுவரில் டம்ளரின் வாயைக் கவிழ்த்து, அடியில் காதை வைத்து, டாக்டர் நெஞ்சைப் பார்ப்பது போல ஒவ்வொரு சாணாக நகர்ந்தாள். வீட்டில் பேன்கூட ஓடாமல் ஒரே அமைதி, அய்யா கூடத்திலிருந்து என்னம்மா நடக்குது அங்கன என்று கேட்டார். ஒரு இடத்தில் அவள் அப்படியே நின்றாள். கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள். எனக்கு இஷ்டமில்லை, ஆனாலும் இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவளுக்கு எதிரே நானும் காதை வைத்தேன். உஸ் என்று ஒரு சத்தம், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் மூச்சு விடுமே அப்படி, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நீ இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்து எனக்குச் சொல்லிக் கொடுக்காமல் போனாயே என்று அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டே எனக்குக் கண் கலங்கியது. அவள் முகம் ஒரு கைத்தூரத்தில் இருந்தது, பார்த்திருப்பாள், பார்க்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வந்த இடம் கைப்பிடிக் கம்பியின் அடி முனை. அவள் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினாள், சரியாக வந்தது. அடுத்ததைத் திருப்பியதும் துரு பிடித்த தலை பொடிந்து கையோடு வந்துவிட்டது, உள்ளேயிருந்து தண்ணீர் பீறிட்டு அவள் முகத்திலேயே அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. பொய் சொல்ல மாட்டேன், மனசெல்லாம் குளிர்ந்து சிரித்தேன். பிறகுதான் விளங்கியது. அந்த ஆசாரி துளை போட்டபோது துரப்பணம் சுவருக்குள் ஓடுகிற பைப்பைக் குத்திவிட்டது, அந்த ஓட்டையை ஸ்க்ரூவே அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. நம் போர்வெல் உப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்க்ரூவைத் தின்ன, சொட்டுச் சொட்டாகக் கசிந்து அய்யா தலைமாட்டுக்கு வந்திருக்கிறது. உன் ஜாயிண்டில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் அவள் கொண்டுவந்த கம்பியில்.

அவளுக்கும் அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. முகத்தில் வடிகிற தண்ணீரைக்கூடத் துடைக்காமல், மதினி இது நான் வச்ச கம்பியால வந்ததுதான, அண்ணன் உசுருக்கு நானே உலை வச்சிருக்கேனே என்று ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எத்தனை மாதமாகக் காத்திருந்த நேரம் அது. ஸ்டேட்டஸ், ரெஞ்ச், ஆரஞ்சுப் பழத்துக்குப் பதிலாகக் கம்பி, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்ல நாக்கின் நுனியில் வார்த்தை இருந்தது. உங்க கை பட்ட லட்சணம் இதுதான் என்று சொல்லியிருந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாள், அப்புறம் நம் வாசலை மிதித்திருக்கவே மாட்டாள். அந்த நேரம் பார்த்து உன் அய்யா சுவரைப் பிடித்துக்கொண்டே குளியலறை வாசலுக்கு வந்து நின்றார். ஏ ஈஸ்வரி, எந்திரித்தா, இந்தக் கம்பி இல்லாட்டி நான் இன்னமும் பெட்பேன்லதான் கெடந்திருப்பேன், சுவருதான நனஞ்சுச்சு, மனுசென் எந்திரிச்சுட்டேன்ல என்றார். நான் அவரைப் பார்த்தேன், தரையில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தேன். அவளுடைய நரைத்த முடி தண்ணீரில் ஒட்டிப் போய், காதில் கம்மல்கூட இல்லாமல், ஒரு வயசான பொம்பளை. நாக்கில் இருந்ததை விழுங்கிவிட்டேன். மாடி வால்வை மூடிட்டு வாங்க, தண்ணி வீணாப் போகுது என்று மட்டும் சொன்னேன். துண்டையும் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

வீரபத்திரனை மறுபடி கூப்பிட்டேன், அவரும் கோபம் வைத்துக்கொள்ளாமல் வந்தார். அந்த இடத்து டைல்ஸ் இரண்டை மட்டும் பக்குவமாகப் பெயர்த்து, ஓட்டை விழுந்த துண்டை அறுத்து எடுத்து, புதுத் துண்டு வைத்து, பசை போட்டு ஒட்டி, காய்கிற வரைக்கும் ஒரு பொழுது தண்ணீர் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெயர்த்தபோது மேலும் கீழும் உன் ஜாயிண்ட் தெரிந்தது. தடவிப் பார்த்துவிட்டு, போட்டவென் சுத்தமாத்தான் போட்டிருக்கான் ஆத்தா, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு என்றார். இன்னொரு தரம் சத்தமாச் சொல்லுங்க என்றேன். சொன்னார். கூடத்தில் இருந்த உன் அய்யாவுக்கும் அடுப்படியில் இருந்த உன் அத்தைக்கும் கேட்டிருக்கும். இப்போது தொட்டியில் இரவு இருந்த தண்ணீர் காலையிலும் இருக்கிறது. சுவர் இன்னும் முழுக்கக் காயவில்லை. போர்டை எதிர்ச் சுவருக்கு மாற்றி, எர்த்தும் புதிதாகப் போட்டாயிற்று. கம்பியைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று அவள் நின்றாள். நான்தான் விடவில்லை, பைப் ஓடாத பக்கமாக வீரபத்திரனையே பார்த்து மாட்டச் சொன்னேன். அய்யாவுக்கு அது வேண்டும்.

அன்று மதியம் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், நண்டுக் குழம்பு. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்று சொன்னாள். மாப்பிள்ளை எங்கிட்டப் பேசுறது பூராவும் உங்களப் பத்தித்தான் மதினி, எங்கம்மா மோட்டார் சத்தத்த வச்சே தொட்டி நெறையப் போகுதுன்னு அடுப்படியில இருந்து சொல்லிரும்பாக. நானும் எங்க வீட்டு மோட்டாரத் தெனமும் கேட்டுப் பாத்தேன், எனக்குப் பிடிபடவே இல்ல. எனக்கு ஆம்பளப் புள்ள இல்ல, நானும் மாப்பிள்ள மாப்பிள்ளன்னு தொங்குறேன், அவுக வாயில ஒங்க பேருதான் வருது, எரிச்சலா இருக்கும் மதினி என்றாள். நான் அவள் தட்டில் இன்னொரு நண்டை வைத்தேன். தட்டைக் கழுவப் பின்பக்கம் போனபோது யாரும் பார்க்காமல் சிரித்துக்கொண்டேன். அவளுக்கும் எரிகிறது என்று கேட்க அப்படி ஒரு சந்தோஷம். அதற்காக எனக்கு எரிச்சல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ரெஞ்சை அவளே வைத்துக்கொள்ளட்டும், தனியாக இருக்கிறவள், அவளுக்கும் ஒரு தெம்பு வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் எனக்கும் வீடியோ போடு. ஏர் பிடித்தால் என்ன செய்ய வேண்டும், வால்வை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று எனக்கும் சொல்லு, எனக்கும் கை இருக்கிறது.

கிளம்புகிற நேரத்தில் அவள் பின்பக்கம் கை கழுவப் போனாள், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற குழாய் மூடினாலும் சொட்டுகிறது என்று பார்த்துவிட்டாள். வாஷர்தான் போயிருக்கு மதினி, இந்தா ஒரு நிமிசம் என்று பையைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அது இருக்கட்டும், அதத் தொடாதீக என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள், பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன், நிறைந்ததும் கறிவேப்பிலைக்கு ஊற்றுகிறேன். அந்த ஒரு குழாயை வீரபத்திரன் தொடவில்லை, நானும் யாரையும் தொடவிடவில்லை. அடுத்த லீவுக்கு வரும்போது ராமநாதபுரம் போகும் முன்னால் இங்கே வந்து அதைப் பார்த்துவிட்டுப் போ.

தொட்டிக்குள் இறங்குகிற வேலை வந்தால் தனியாக இறங்காதே, வெளியே ஒரு ஆள் நிற்கட்டும். வெயிலில் மோர் குடி. அய்யாவின் மாத்திரையை அந்தப் பழைய கம்பெனியிலேயே வாங்கிப் ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. கோகிலாவிடம் நான் கேட்டதாகச் சொல், அய்யாவுக்கு ஷாக் அடித்ததை அவள் தன் அம்மாவிடம் சொன்னதற்கு நான் கோபிக்கவில்லை என்றும் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி அண்டாமல், நினைத்தது கைகூடி, அடுத்த வருஷம் மூன்று பேராக இந்த வாசலில் வந்து நிற்க நானும் உன் அய்யாவும் வாழ்த்துகிறோம். படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
நாகலெட்சுமி